பூனைக்கு ஒரு கதவு: ஓட்டை போட ஒரு மணி நேரம், பழக்க ஒரு மாசம்

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

ஓமலூரிலிருந்து பேசறேன். நடுவுல லாரி சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க. தேசிய நெடுஞ்சாலை 44 எங்க வீட்டுக்குக் கூப்பிடு தூரம்தான், எத்தனை ஜன்னலைச் சாத்தினாலும் ஹாரன் உள்ளே வந்துடுது.

பூனைக்குத் தடுப்பூசி பத்திப் பேசின பகுதிக்கு அப்புறம் நிறையப் பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீங்க. "பூனை ராத்திரி பூரா உள்ளே விடு, வெளியே விடுன்னு கத்துது. கதவைத் திறந்தே வெச்சுடலாமா?"

வேண்டாம். ஏன்னு சொல்றதுக்கு எங்க வீட்டுக் கதையிலிருந்து ஆரம்பிக்கணும்.

எங்க வீட்டுப் பூனை பேரு வெள்ளச்சி. பேருக்கேத்த மாதிரி முழு வெள்ளை, வால் நுனி மட்டும் சாம்பல். அவ வந்ததிலிருந்து அடுப்படியோட பின் கதவை, அதாவது பொடக்காலிப் பக்கம் திறக்கிற கதவை, ராத்திரியில ஒரு சாண் திறந்து, சாத்திக்காம இருக்க ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்து வெச்சிருப்போம். அவ நெனச்சா போவா, நெனச்சா வருவா. பின்னாடி சோளக்காடு. காட்டுல எலி, எலிக்கு வெள்ளச்சி. எல்லாம் சரியாத்தான் போயிட்டிருந்தது.

எங்கம்மா கட்டில்ல படுக்க மாட்டாங்க. கூடத்துல பாய் விரிச்சுத்தான் தூக்கம். ஒருநாள் விடியக்காலம் நாலரை மணி இருக்கும், வாசல் தெளிக்க எழுந்தவங்க லைட்டைப் போட்டிருக்காங்க. பாய்க்கும் அடுப்படி நிலைக்கும் நடுவுல, கறுப்பா, உடம்புல மெல்லிசா வெள்ளை வெள்ளைக் கோடு போட்டு ஒண்ணு சுருண்டு கிடக்குது. கட்டுவிரியன். அம்மா கத்தலை. மெதுவா வந்து என்னை எழுப்பி, "கண்ணு, கால வெச்சுடாத, அடுப்படிப் பக்கம் பாம்பு கெடக்குது"ன்னாங்க. தீயணைப்பு நிலையத்துக்குப் போன் பண்ணினோம், அவங்க வந்து பிடிச்சுட்டுப் போனாங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகலை.

ஆனா அந்தப் பாம்பைப் பத்தி தெரிஞ்சவங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு புரியும். நம்ம பக்கம் உயிரைக் குடிக்கிற பாம்புகள்னு நாலைச் சொல்லுவாங்க: நல்ல பாம்பு, கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன், கட்டுவிரியன். இதுல கட்டுவிரியன் ராத்திரியில நடமாடுறது. தரையில படுத்துத் தூங்கறவங்களைக் கடிச்சதுதான் அதிகம். கடிச்ச இடத்துல பல நேரம் வலியும் இருக்காது, வீக்கமும் இருக்காது. வயிறு வலிக்குது, கண்ணிமை தூக்க முடியலைன்னு விடியக்காலம் எழுந்து சொல்லும்போதுதான் தெரியும். சந்தேகம் வந்தாலே 108க்குக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போயிடணும். கட்டுப் போடறது, கீறி விடறது, வைத்தியர் வீடு தேடறது எதுவும் கூடாது.

அன்னைக்கு நான் ஒண்ணு புரிஞ்சுக்கிட்டேன். பூனைக்குன்னு நாம ஒரு சாண் திறந்து வெச்ச கதவு பூனைக்கு மட்டும் திறந்திருக்கிறதில்லை. எலிக்கும் பெருச்சாளிக்கும் கொசுவுக்கும் திறந்திருக்கு. எலியைத் தேடிட்டு வர்ற பாம்புக்கும் திறந்திருக்கு.

ஓட்டு வீட்டுல இந்தப் பிரச்சினை ஏன் இல்லை?

அம்மா கேட்டாங்க: "எங்க காலத்துல பூனைக்குன்னு யாருடா கதவு வெச்சா?" நியாயமான கேள்விதான். ஓட்டு வீட்டுல பூனைக்குக் கதவே வேண்டியதில்லை. சுவரு முடியற இடத்துக்கும் கூரைக்கும் நடுவுல ஒரு சந்து இருக்கும். அட்டத்துல ஏறி, ஓட்டு மேல நடந்து, அந்த வழியாவே போக வர இருந்துக்கும். இப்போ கான்கிரீட் தளம் போட்டாச்சு. ஜன்னலுக்குக் கம்பி, கம்பிக்கு மேல கொசுவலை. வீடு பத்திரமாச்சு, ஆனா பூனை போற பாதையை நாமளே அடைச்சுட்டோம். அதுக்குப் பதிலா ஒரு பாதையை நாமதான் கொடுக்கணும்.

ஆனா இது வெளிநாட்டுக்காரன் நேத்து கண்டுபிடிச்ச ஆடம்பரம்னு நெனச்சுடாதீங்க. இங்கிலாந்துல எக்ஸிட்டர்னு ஒரு ஊர். அங்கே பெரிய தேவாலயத்துல ஒரு பழைய வானியல் கடிகாரம் இருக்கு. கடிகார அறைக்குப் போற மரக்கதவோட அடியில வட்டமா ஒரு ஓட்டை. 1598ல அந்த ஊர் பிஷப் வில்லியம் காட்டன், தன் பூனைக்காக ஓட்டை போட்ட தச்சருக்குக் கூலி கொடுத்த கணக்கு இருக்கு. கடிகாரத்துல கொழுப்புத் தடவியிருப்பாங்க, அந்த வாசனைக்கு எலி வரும், எலியைப் பிடிக்கப் பூனை வேணும். அதுக்கும் முன்னாடி, 14ஆம் நூற்றாண்டுலயும் 15ஆம் நூற்றாண்டுலயும், அங்கே பூனைக்குன்னே மூணு மாசத்துக்கு ஒருதரம் 13 பென்ஸ் படி எழுதியிருக்காங்க. சம்பளக்காரப் பூனை!

வாட்ஸப்ல ஒரு செய்தி சுத்தும், பூனைக் கதவைக் கண்டுபிடிச்சது ஐசக் நியூட்டன்னு. பெரிய பூனைக்குப் பெரிய ஓட்டை, குட்டிக்குச் சின்ன ஓட்டைன்னு போட்டாராம். நியூட்டன் பிறந்ததே 1642ல. எக்ஸிட்டர் ஓட்டை அவர் பிறக்க 44 வருஷம் முன்னாடியே இருக்கு. நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

எந்த மாதிரிக் கதவு வாங்கறது?

இப்போ கிடைக்கிறது வெறும் ஓட்டை இல்லை. ஒரு பிளாஸ்டிக் சட்டம், அதுல மேலே கீல் வெச்சுத் தொங்கற ஒரு மடல். பூனை தலையால முட்டினா திறக்கும், போனதும் தானா விழுந்து சாத்திக்கும். அடியில சின்னக் காந்தம் இருக்கும், காத்துக்கு ஆடாம பிடிச்சுக்கும். மூணு வகை சொல்றேன்.

முதல் வகை நாலு நிலைப் பூட்டு உள்ளது. ஒரு திருகுல நாலு நிலை: போகலாம் வரலாம்; உள்ளே மட்டும் வரலாம்; வெளியே மட்டும் போகலாம்; முழுப் பூட்டு. நம்ம ஊருக்கு இதுவே போதும். நான் வாங்கினதும் இதுதான், ஆன்லைன்ல ரெண்டாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே ஆச்சு.

ரெண்டாவது காந்தச் சாவி வகை. பூனை கழுத்துல பட்டை, பட்டையில ஒரு சின்னக் காந்தம், அது கிட்டே வந்தா பூட்டு விடும். பூனைக்கு யார் மணி கட்டறதுங்கிற கதைதான் இதுலயும். கட்டினாலும் வேலியில, கிளையில பட்டை மாட்டிக்கிட்டா ஆபத்து. இழுத்தா தானா கழன்றுக்கிற பட்டையா இருக்கணும்.

மூணாவது மைக்ரோசிப் வகை. பூனையோட தோலுக்கடியில டாக்டர் ஊசி மூலமா போடற அரிசி அளவு சிப். அதுல 15 இலக்க எண் இருக்கும். கதவு அந்த எண்ணைப் படிச்சு, நம்ம பூனைன்னா மட்டும் திறக்கும். தெருக் கடுவன் வந்து சோத்தைத் தின்னுட்டுப் போற தொல்லை உள்ளவங்களுக்கு இது நல்ல தீர்வு. விலை அதிகம், பேட்டரி பார்த்துக்கணும். இரும்புக் கதவுல அப்படியே பொருத்தினா சிப்பைப் படிக்கத் தடுமாறும்.

ஒண்ணு கவனிங்க. மடல் கண்ணாடி மாதிரித் தெளிவா இருக்கிறதை வாங்குங்க. பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகமே இருண்டு போச்சுன்னு நெனச்சுக்கும்னு பழமொழி சொல்லுது. நிஜத்துல பூனை அப்படி இல்லை. அந்தப் பக்கம் நாய் நிக்குதா, வேற பூனை நிக்குதான்னு பார்க்காம எந்தப் பூனையும் தலையை நீட்டாது.

எங்கே, எவ்வளவு உயரத்துல?

தச்சு வேலைக்கு எங்க தெரு ஆசாரி அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் கதவைத் தட்டிப் பார்த்துட்டு, "தம்பி, வேப்பம்பலகை. ஒண்ணேகால் அங்குலம் கனம். இதுல போய் ஓட்டை போடச் சொல்றீங்களே"ன்னு வருத்தப்பட்டார். அம்மாவும் அவர் கட்சி. "வீட்டுக் கதவுல ஓட்டை போடறது நல்லாவா இருக்கும்?" நான் ஒண்ணுதான் சொன்னேன்: "ஓட்டை போட்டாத்தாம்மா கதவைச் சாத்த முடியும்." கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "சரி போடு"ன்னாங்க.

அளவு எடுக்கறது இப்படித்தான். பூனை நிக்கும்போது தரையிலிருந்து அதோட அடிவயிறு எவ்வளவு உயரம்னு பாருங்க. ஓட்டையோட கீழ் விளிம்பு ஏறக்குறைய அந்த உயரத்துல வரணும். வெள்ளச்சிக்கு 13 செ.மீ. ரொம்ப மேலே வெச்சா தாவணும், ரொம்பக் கீழே வெச்சா குனிஞ்சு ஊர்ந்து போகணும். ரெண்டும் பூனைக்குப் பிடிக்காது.

அகலத்துக்குப் பயப்படாதீங்க. பூனையோட காறை எலும்பு நமக்கு இருக்கிற மாதிரி மத்த எலும்போட இணைஞ்சு இல்லை, தசைக்குள்ள தனியா இருக்கு. அதனால தலை போற இடத்துல பெரும்பாலும் தோளும் போயிடும். ஆனா குண்டுப் பூனைக்கு வயித்தையும் சேர்த்து அளந்துக்கோங்க.

நம்ம ஊர் வீடுகள்ல ஒரு சிக்கல் இருக்கு. அடுப்படித் தரையை விட பொடக்காலி ரெண்டு படி கீழே இருக்கும். உள்ளேயிருந்து 13 செ.மீ.ன்னா, வெளியேயிருந்து பார்த்தா அது முழங்காலைத் தாண்டும். பூனை வெளியே போயிடும், திரும்பி வர யோசிக்கும். அதனால வெளிப்பக்கம் ஓட்டைக்கு நேரா நாலஞ்சு செங்கல்லை அடுக்கி ஒரு மேடை கட்டிடுங்க. மேடை ஆடக் கூடாது. கல்லுக்கு நடுவுல பொந்து விடாம சிமெண்ட் வெச்சு அடைச்சுடுங்க, இல்லேன்னா அதுவே பாம்புக்கு வீடாயிடும்.

இன்னொண்ணு, தாழ்ப்பாள். ஓட்டை வழியா யாராவது கையை விட்டா தாழ்ப்பாள் எட்டக் கூடாது. எங்க கதவுல தாழ்ப்பாள் மேலே இருக்கு, பிரச்சினை இல்லை. நடுவுல இருந்தா அதுக்கு ஒரு பூட்டும் போட்டுக்கோங்க.

ஓட்டை போடுவது

கதவோடவே அச்சுத்தாள் ஒண்ணு வரும். அதைக் கதவுல ஒட்டி, கோடு போட்டுக்கணும். கோட்டு மேல காகித டேப்பை ஒட்டிட்டா மரம் சிம்பு விடாது. நாலு மூலையிலயும் டிரில் வெச்சுத் துளை, அப்புறம் ஜிக்சா ரம்பத்தை விட்டு ஒவ்வொரு பக்கமா அறுக்கணும். உப்புத்தாள் போட்டு விளிம்பைத் தேய்க்கணும்.

இங்கேதான் நிறையப் பேர் அவசரப்படறாங்க. அறுத்த விளிம்புல கட்டாயம் பிரைமர் அடிங்க. பச்சை மரம் வெளியே தெரிஞ்சா ஐப்பசி மழையில தண்ணி குடிச்சு உப்பும், கரையானும் வழி கண்டுபிடிச்சுடும். பிளைவுட், ஃப்ளஷ் கதவுன்னா இது இன்னும் முக்கியம். காஞ்சதுக்கு அப்புறம் சட்டத்தை ரெண்டு பக்கமும் வெச்சு முடுக்கணும். சட்டத்துக்கும் மரத்துக்கும் நடுவுல சந்து இல்லாம சிலிக்கான் பூசணும்.

பிவிசி கதவா இருந்தா உள்ளே வெறும் கூடு. ஓட்டையைச் சுத்தி உள்பக்கம் மரச்சட்டம் வெச்சுத்தான் முடுக்கணும், இல்லேன்னா முடுக்க முடுக்கக் கதவு நசுங்கும். இரும்புக் கதவுன்னா பட்டறையில கொடுத்து வெட்டிக்கறது நல்லது, பிசிரைத் தேய்ச்சு எடுக்கச் சொல்லுங்க. பதப்படுத்தின கண்ணாடியில கை வெக்கவே வெக்காதீங்க, அறுத்தா முழுசும் சுக்கு நூறா உடைஞ்சுடும்.

ஆசாரி அண்ணனுக்கு மொத்தமா ஒரு மணி நேரம் ஆச்சு. கடைசியில அவரே மடலைத் தட்டிப் பார்த்துட்டு, "நல்லாத்தான் இருக்குங்க"ன்னார்.

நான் செஞ்ச தப்பு

சாயங்காலமே வெள்ளச்சியைத் தூக்கினேன். தலையை மடலுக்கு நேரா வெச்சு, பின்னாடியிருந்து மெதுவாத் தள்ளினேன். ஒரு தடவை போய்ப் பார்த்துட்டா புரிஞ்சுக்குவான்னு என் கணக்கு. உடம்பு போயிடுச்சு, மடல் 'டப்'னு வால்ல விழுந்துச்சு. வெள்ளச்சி எகிறி மதில் மேல ஏறினவதான், ராத்திரி வரைக்கும் இறங்கலை. அதுக்கப்புறம் ஒன்பது நாள் அந்தப் பக்கமே வரலை. வாசல் பக்கமாச் சுத்தி வந்து, முன்கதவுல உட்கார்ந்து கத்த ஆரம்பிச்சா. முன்கதவுக்கு எதிர்ல தெரு, தெருவைத் தாண்டினா லாரி ரோடு. பாம்புக்குப் பயந்து கதவு வெக்கப் போய், பூனையை ரோட்டுப் பக்கம் துரத்தி விட்டுட்டேன்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்கு வராதுன்னு சொல்றது சும்மா இல்லைங்க.

அப்போதான் தேடித் தேடிப் படிச்சேன். எட்வர்ட் தார்ன்டைக்னு ஒரு அமெரிக்க உளவியல் அறிஞர். 1898ல நியூயார்க்குல கொலம்பியா பல்கலைக்கழகத்துல அவர் செஞ்ச ஆராய்ச்சி, பூனையும் கதவும் பத்தினது. சட்டம் அடிச்ச மரப்பெட்டிக்குள்ள பசியோட இருக்கிற பூனையை விடுவார். வெளியே மீன். உள்ளே ஒரு கயித்து வளையம், இல்லேன்னா ஒரு தாழ். அதைச் சரியா இழுத்தா கதவு திறக்கும். முதல் தடவை பூனை பிராண்டும், கடிக்கும், கத்தும். தற்செயலா வளையத்துல கை பட்டுக் கதவு திறக்கும். மறுபடி மறுபடி விட்டப்போ வீண் வேலை கொஞ்சம் கொஞ்சமாக் குறைஞ்சு, கடைசியில பூனை உள்ளே போனதும் நேரா வளையத்துக்குப் போய்த் திறந்துட்டு வந்துடும். எந்தச் செயலுக்கு நல்ல பலன் கிடைக்குதோ அந்தச் செயல் பழக்கமாகும்னு அவர் சொன்னதைத்தான் விளைவு விதின்னு இன்னைக்கும் உளவியல் பாடத்துல சொல்லித் தர்றாங்க.

எனக்கு உறைச்சது இன்னொண்ணு. அவர் சில பூனைகளோட காலைப் பிடிச்சு, வளையத்தை இழுக்க வெச்சுக் காட்டியிருக்கார். அதுல அதுங்க ஒண்ணும் கத்துக்கலைன்னு எழுதியிருக்கார். வேற பூனை செய்யறதைப் பார்த்ததாலயும் கத்துக்கலை. தானா செஞ்சு, தானா பலன் கண்டது மட்டும்தான் நின்னது. நான் செஞ்சது அப்படியே அதுக்கு நேர் எதிர். தள்ளினது நான், பலனா கிடைச்சது வால்ல அடி.

மறுபடி முதல்லயிருந்து

ரெண்டாம் தடவை செஞ்சதைப் படிப்படியாச் சொல்றேன். இதை அப்படியே செய்யுங்க.

முதல் வாரம் மடலே வேண்டாம். கழட்டி வெச்சுடுங்க, இல்லேன்னா கயித்தால மேலே தூக்கிக் கட்டிடுங்க. கட்டு அவிழ்ந்து விழக் கூடாது. பூனைக்கு அது வெறும் ஓட்டை, அவ்வளவுதான். பகல்ல நீங்க அடுப்படியில இருக்கும்போது மட்டும் இப்படி. ராத்திரியில மடலை மாட்டி முழுப் பூட்டுப் போட்டுடணும்.

சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாடி, பசி இருக்கும்போது, அஞ்சு நிமிஷம் போதும். பூனை வெளியே, நீங்க உள்ளே. ஓட்டைக்கு உள்பக்கம் உப்புப் போடாம வேகவெச்ச கோழி ரெண்டு துண்டு. உள்ளே வர்றதைத்தான் முதல்ல பழக்கணும், வீடும் சோறும் அந்தப் பக்கம் இருக்கே. வெளியே போறது அதுக்கப்புறம்.

ரெண்டாவது வாரம், மடலை மாட்டி, துணி கிளிப் ஒண்ணு போட்டு முக்கால்வாசி தூக்கி நிறுத்துங்க. பூனை முதுகுல லேசா உரசற அளவுக்குத்தான் இருக்கணும். ரெண்டு மூணு நாளைக்கு ஒருதரம் கொஞ்சம் கொஞ்சமா இறக்குங்க. ஒரு நாள் தயங்கினா பழைய உயரத்துக்குத் திரும்பிப் போயிடுங்க, அதுல வெக்கம் ஒண்ணும் இல்லை.

மூணாவது வாரம் மடல் முழுசாத் தொங்கும், ஆனா காந்தம் பிடிக்காத மாதிரி அது மேல ரெண்டு சுத்து டேப். அந்த 'டிக்' சத்தமும், முட்டினா உடனே விடாம பிடிச்சுக்கறதும்தான் நிறையப் பூனைக்குப் பயம். மூக்கால முட்டினதும் ஆடணும். ஆடினதும் கோழி. பழகினதுக்கப்புறம் டேப்பை எடுத்துடலாம்.

இத்தனைக்கும் நடுவுல ரெண்டு விஷயம் கூடாது. ஒண்ணு, தள்ளக் கூடாது, துரத்தக் கூடாது. ரெண்டாவது, முன்கதவுல கத்தினா உடனே திறக்கக் கூடாது. திறந்தீங்கன்னா கத்தறதுக்குப் பலன் கிடைச்சுடுச்சு. தார்ன்டைக் பாடத்தை அது முன்கதவுல படிச்சு முடிச்சுடும்.

நேர்மையா ஒண்ணு சொல்லணும். வெள்ளச்சியைப் பழக்கினது நான் இல்லை, எங்கம்மா. நான் கோழியும் கிளிப்புமா மல்லுக்கட்டிட்டு இருந்தேன். அம்மா தினம் சாயங்காலம் ஆறரைக்கு விளக்கேத்திட்டு, அடுப்படியில உட்கார்ந்து, நெத்திலியைக் கழுவி வேகவெச்சு, தட்டுல 'டங் டங்'னு ரெண்டு தட்டு தட்டி, "வெள்ளச்சீ, பா பா"ன்னு ஒரு குரல் கொடுப்பாங்க. அதே நேரம், அதே சத்தம், அதே இடம். இருபத்தி நாலாம் நாள் நான் கடைக்குப் போயிருந்தேன். போன் வந்தது. "கண்ணு, அவளே முட்டித் தொறந்துக்கிட்டு வந்துட்டாடா!" ஓட்டை போட வேண்டாம்னு சொன்னவங்க குரல்ல அப்படி ஒரு சந்தோஷம்.

ராத்திரிக்கு என்ன செய்யறோம்?

பூனைக் கதவு பாம்பைத் தடுக்கும்னு நான் சொல்லவே மாட்டேன். மடலுக்கும் சட்டத்துக்கும் நடுவுல இருக்கிற சந்துல குட்டிப் பாம்பு நுழைஞ்சுடும். பெரிசா இருந்தா மடலையே தள்ளிடும். தடுக்கிறது பூட்டுதான். கதவோட பயன் என்னன்னா, பூட்டறதுக்கு இப்போ நமக்கு வழி இருக்கு.

எங்க வீட்டு வழக்கம் இது. பகல் பூரா போகலாம், வரலாம். ஆறு மணிக்கு, இருட்டறதுக்கு முன்னாடி, 'உள்ளே மட்டும்' நிலைக்குத் திருப்பிடுவோம். ஆறரைக்கு அம்மா தட்டைத் தட்டுவாங்க, வெள்ளச்சி வந்துடுவா. வந்ததும் முழுப் பூட்டு, பெரிய கதவுக்குத் தாழ்ப்பாள். கதவடியில இருந்த சந்துக்கு ரப்பர் பட்டை அடிச்சாச்சு. சாப்பிட்டு முடிஞ்சதும் தட்டைக் கழுவிடுவோம். மிச்சம் கிடந்தா எறும்பும் எலியும் வரும், எலி வந்தா மத்தது வரும். ராத்திரிக்கு உள்ளேயே ஒரு தொட்டியில மணல்.

இதுல இன்னொரு லாபமும் இருக்கு. பூனை வேட்டையாடறது பெரும்பாலும் அந்தியிலயும் விடியல்லயும்தான். அந்த நேரம் உள்ளே இருந்தா ரோட்டுல அடிபடறதும் குறையும், பாதி உயிரோட ஒரு ஓணானையோ பாம்புக் குட்டியையோ கவ்விக்கிட்டு வந்து கூடத்துல விடறதும் குறையும்.

நேயர்கள் கேட்டது

"வாடகை வீடு, கதவுல கை வெக்க முடியாது." ஜன்னல்ல கம்பி இல்லாத பகுதி ஏதாவது இருந்தா, அந்தக் கண்ணாடிப் பலகையை மட்டும் கழட்டிப் பத்திரமா வெச்சுட்டு, அதே அளவு பிளைவுட் வெட்டி அதுல பூனைக் கதவைப் பொருத்துங்க. காலி பண்ணும்போது பழையதை மாட்டிடலாம். ஆனா வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

"பெட்டைப் பூனை, அஞ்சு மாசம். கதவு வெக்கலாமா?" முதல்ல குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன், அப்புறம் கதவு. அந்த வயசுலேயே சினைப் பிடிச்சுடும், ரெண்டு மாசத்துல குட்டி. வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் போட்டிருக்கணும். அந்த நோய் நாய்க்கு மட்டும் வர்றதில்லை, பூனைக்கும் வரும். பக்கத்துல உள்ள அரசு கால்நடை மருத்துவமனையில கேளுங்க. நாமக்கல் பக்கம் இருக்கிறவங்களுக்கு அங்கேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு.

"பழக்கும்போது பால் கொடுக்கலாமா?" வளர்ந்த பூனைகள்ல நிறையத்துக்குப் பால் செரிக்காது, பேதியாகும். கோழியும் மீனும் போதும். கருவாடு வேண்டாம், உப்பு அதிகம்.

இதைப் பதிவு பண்றப்போ சாயங்காலம் ஆறு இருபது. இன்னும் பத்து நிமிஷத்துல அடுப்படியில தட்டுச் சத்தம் கேட்கும். அம்மா இப்பவும் கூடத்துல பாய் போட்டுத்தான் படுக்கறாங்க, கட்டில் வாங்கித் தர்றேன்னாலும் கேட்கறதில்லை. முன்னெல்லாம் ராத்திரி ரெண்டு மூணு தடவை எழுந்து, டார்ச்சை எடுத்துக்கிட்டுக் கூடத்தைச் சுத்திப் பார்த்துட்டு வந்து படுப்பேன். இப்போ தூங்கும் முன்னாடி ஒரே ஒரு தடவை, பூட்டைத் தொட்டுப் பார்க்கறேன். அவ்வளவுதான்.

உங்க வீட்டுப் பூனை எத்தனை நாள்ல கத்துக்கிச்சுன்னு எழுதுங்க. அவசரப்பட்டுத் தள்ளிடாதீங்க. அடுத்த பகுதியில சந்திப்போம். வணக்கம்.